உப்புநீர் மீன்தொட்டிக்கு மின்னணு உப்புத்தன்மை மானிட்டர்: பெட்டியைத் திறப்பது முதல் எண்ணை நம்புவது வரை

திருநெல்வேலிப் பக்கம் மரைன் டேங்க் வைப்பவர்களுக்கு இரண்டு சங்கடங்கள் சேர்ந்தே வரும். ஒன்று, வெயிலும் காற்றும். சித்திரை, வைகாசி வெயிலிலும், ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வீசும் காற்றிலும் தொட்டித் தண்ணீர் வேகமாகக் குறையும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். இன்னொன்று, மேலே ஊற்றுவதற்கு வீட்டில் கிடைக்கும் போர் தண்ணீர். பல தெருக்களில் அதுவே உப்புக் கரிக்கும்.

அதனால்தான் மானிட்டர் வாங்குகிறோம். வாங்கிய அன்றே அதன் புரோபை (தண்ணீரில் மூழ்கி அளக்கும் முனை) தொட்டியில் போட்டு, திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து உப்பையோ தண்ணீரையோ சேர்க்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதலில் கருவியைச் சரிபார்க்க வேண்டும், பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கையில் முதலில் இருக்க வேண்டியவை

53 மில்லிசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) என்று அச்சிட்ட கேலிப்ரேஷன் திரவம், அதாவது கருவியைச் சரிசெய்ய உதவும் அளவு தெரிந்த திரவம், குறைந்தது இரண்டு பாக்கெட். சாதாரண டிடிஎஸ் மீட்டருக்கு வரும் 1413 மைக்ரோசீமன்ஸ் திரவம் இதற்கு ஆகாது. அது நன்னீர் அளவு, கடல்நீரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு தள்ளி இருக்கும் புள்ளியை வைத்துச் சரிசெய்தால், கடல்நீரின் அளவான 35 பிபிடிக்கு (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) பக்கத்தில் பிழை பெரிதாகும்.

ஆர்ஓ தண்ணீர் 2 லிட்டர், கழுவுவதற்கு. தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரீஃபிராக்டோமீட்டர். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு இருந்தால் நல்லது. ஒரு நோட்டு, ஒரு பேனா.

ரீஃபிராக்டோமீட்டர் இல்லாமல் தொடங்க வேண்டாம். மானிட்டர் மின்கடத்துதிறனை அளக்கிறது, ரீஃபிராக்டோமீட்டர் ஒளி வளைவதை அளக்கிறது. வழி வேறு என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தவறுவது அரிது. ஒரே கம்பெனியின் இரண்டு மானிட்டர் வைத்திருப்பதைவிட இது உதவும்.

2. திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது

புரோபின் முனையில் மின்முனைகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் விட்டு, தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது என்று பார்க்கிறது. 35 பிபிடி கடல்நீர் 25 டிகிரியில் ஏறக்குறைய 53 மில்லிசீமன்ஸ் கடத்தும். அந்த உறவை வைத்துத்தான் பிபிடி எண்ணைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. உப்பை அது நேரடியாகப் பார்ப்பதில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது வெப்பநிலை. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும். உப்பு துளிகூட மாறாமல், 25 டிகிரியில் 53 காட்டிய தண்ணீர் 28 டிகிரியில் 56 பக்கம் போகும். கருவி வெப்பநிலையைச் சரியாக அறிந்து இதைக் கழித்துக் காட்ட வேண்டும். அது தவறினால் மதியம் உப்பு கூடியதாகவும் விடியற்காலையில் குறைந்ததாகவும் தெரியும்.

இரண்டாவது, எந்த உப்பு கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதனால் வரும் ஆபத்தைப் 10ஆம் பகுதியில் பாருங்கள்.

3. அலகையும் வெப்பநிலையையும் அமைப்பது

கேலிப்ரேஷனுக்கு முன்பே இதை முடிக்க வேண்டும். பிபிடி, ஒப்படர்த்தி (நன்னீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது), மில்லிசீமன்ஸ் என்று மூன்று அலகு இருந்தால் அன்றாடம் பார்க்க பிபிடியை வைத்துக்கொள்ளுங்கள். பவளம் வைத்த தொட்டிக்கு 35 இலக்கு. மீன் மட்டும் உள்ள தொட்டியைச் சிலர் 30 முதல் 33 வரை வைப்பதுண்டு. எந்த அளவு என்றாலும் அது நிலையாக நிற்பது முக்கியம்.

ஒப்படர்த்தியில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 35 பிபிடி கடல்நீரை 25 டிகிரி நன்னீரோடு ஒப்பிட்டால் 1.0264. 4 டிகிரி நன்னீரோடு ஒப்பிட்டால் 1.0233. தண்ணீர் ஒன்றுதான், எண் இரண்டு. தண்ணீரில் மிதக்கவிட்டு ஒப்படர்த்தி பார்க்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டரின் எண்ணும் மானிட்டரின் எண்ணும் ஒத்துவரவில்லை என்று பதறுவதற்குமுன், அதன் தண்டில் எந்த வெப்பநிலை அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, புரோபைத் தொட்டியில் 10 நிமிடம் விட்டு மானிட்டர் காட்டும் வெப்பநிலையையும் தெர்மாமீட்டரையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருந்தால் அமைப்பில் அதைத் திருத்துங்கள். ஒரு டிகிரி பிழை 0.7 பிபிடி பிழையாக மாறிவிடும். சில மாடல்களில் வெப்பநிலை சென்சார் தனி வயரில் வரும். அதைத் தொட்டிக்கு வெளியே தொங்கவிட்டு, உப்புப் புரோபை மட்டும் உள்ளே போடுபவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே தண்ணீரில், அருகருகே இருக்க வேண்டும்.

4. கேலிப்ரேஷன்

இங்கே அவசரம் வேண்டாம். வேலையே அரை மணி நேரம்தான்.

முதலில், திறக்காத பாக்கெட்டைத் தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். திரவமும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்தால் வெப்பத் திருத்தம் செய்யும் பிழையின் பெரும்பகுதி அடிபட்டுவிடும்.

அதற்குள் புரோபை ஆர்ஓ தண்ணீரில் அலசி, நன்றாக உதறி, முனையில் நீர் நிற்காமல் பாருங்கள். மெல்லிய பஞ்சாலோ டிஷ்யூவாலோ வெளிப்பக்கத்தை மட்டும் ஒற்றலாம். மின்முனைகளைத் துடைக்க வேண்டாம்.

கருவி பூஜ்ஜியப் புள்ளி கேட்டால், உலர்ந்த புரோபைக் காற்றில் பிடித்து அதை முதலில் கொடுங்கள். துளி ஈரம் இருந்தாலும் பூஜ்ஜியம் தவறும்.

பாக்கெட்டைத் திறந்து கொஞ்சம் திரவத்தைப் புரோபின் மேல் ஊற்றி அலசிக் கொட்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஆர்ஓ தண்ணீர் திரவத்தை நீர்த்துப்போக வைக்காமல் இருக்கத்தான் இது. பாக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு, மீதியைக் குறுகலான, சுத்தமான கிளாஸில் ஊற்றி, மின்முனைகளும் மேலே உள்ள காற்றோட்டத் துளையும் முழுகும்வரை புரோபை இறக்குங்கள்.

இறக்கியதும் பக்கவாட்டில் நாலைந்து முறை மெதுவாகத் தட்டுங்கள். குழாய் வடிவ முனைக்குள் கடுகளவு குமிழ் ஒன்று நின்றால்கூட எண் குறைந்து தெரியும். குமிழோடு கேலிப்ரேட் செய்தால் அன்றிலிருந்து தொட்டி எப்போதும் கூடுதல் உப்பாகவே தெரியும். புரோபைக் கொஞ்சம் சாய்த்து இறக்கினால் குமிழ் தங்காது.

எண் இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற பிறகு உறுதி செய்யுங்கள். பிறகு புரோபை எடுத்து, அலசி, பாக்கெட்டில் மிச்சம் வைத்த திரவத்தில் மறுபடி வைத்துப் பாருங்கள். 52.5க்கும் 53.5க்கும் இடையில் வந்தால் சரி. வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பயன்படுத்திய திரவத்தைப் பாக்கெட்டில் திருப்பி ஊற்றாதீர்கள். திறந்து வைத்த திரவம் நம்ம ஊர் வெக்கையில் ஆவியாகிச் செறிந்துவிடும்.

வெப்பத் திருத்தம் இல்லாத கருவி என்றால் 53 என்று அடிக்கக் கூடாது. பாக்கெட்டின் பின்புறம் வெப்பநிலை அட்டவணை இருக்கும், அன்றைய வெப்பநிலைக்கு உரிய எண்ணைக் கொடுங்கள்.

திரவம் கிடைக்காதபோது சரிபார்க்க மட்டும் வீட்டிலேயே செய்யலாம். ஈரமில்லாத தூள் உப்பு 32.9 கிராம், ஆர்ஓ தண்ணீர் 967.1 கிராம். இது 25 டிகிரியில் 53 மில்லிசீமன்ஸ் அருகில் வரும். பலர் 35 பிபிடி வேண்டும் என்று 35 கிராம் தூள் உப்பைப் போட்டுக் கரைக்கிறார்கள். வெறும் சோடியம் குளோரைடு, அதே எடைக் கடலுப்பைவிடக் கூடுதலாகக் கடத்தும். அந்தத் திரவத்தை 35 என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால் சுமார் 2 பிபிடி பிழை நிரந்தரமாக உள்ளே போய்விடும்.

5. புரோபுக்கு இடம்

நீர்மட்டம் மாறாத இடம், குமிழ் இல்லாத இடம், தண்ணீர் மெதுவாகச் சுற்றும் இடம். மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும்.

சம்ப் (மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால் மெயின் பம்ப் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். ஆவியாவதால் மட்டம் ஏறி இறங்குவது அங்கேதான். ஆவியான அளவைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் ஊற்றும் நன்னீரும் பெரும்பாலும் அங்கேதான் விழும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கும் அறை மட்டம் மாறாதது. அதில் ஸ்கிம்மர் தண்ணீர் வெளியேறும் வாய்க்கு எதிர்மூலை நல்ல இடம். சம்ப் இல்லாவிட்டால் தொட்டியின் பின்மூலை, குமிழ் விடும் ஏர் ஸ்டோனுக்கும், நீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்பின் வாய்க்கும் தள்ளி.

கண்ணாடியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். திறந்த முனையுள்ள புரோப்களில் மின்புலம் வெளியேயும் பரவும். கண்ணாடி ஒட்டி நின்றால் அது தடைபட்டு எண் குறையும். ஹீட்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

வயரும் புரோபும் சேரும் இணைப்பு நீர்மட்டத்துக்கு மேலே, உப்பு தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும். அந்த இணைப்பில் உப்புப் பூத்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும். காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

6. மின்சாரம்

வயர் தொட்டியிலிருந்து நேராக அடாப்டருக்கு ஏறக் கூடாது. பிளக் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். தொட்டி லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். உப்புநீரில் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பம்ப் ஓடும்போது ஒரு எண், நிறுத்தினால் வேறு எண் என்று வந்தால், தொட்டியில் மின்கசிவு இருக்கக்கூடும். கையை உள்ளே விடாதீர்கள். ஹீட்டர், பவர்ஹெட், மெயின் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று மாறுகிறதோ, சந்தேகம் அதன்மேல்.

கரண்ட் போய் வந்தபின் சில கருவிகள் அலகையோ கேலிப்ரேஷனையோ மறந்துவிடும். வாங்கிய வாரத்திலேயே ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, பழைய எண்ணே வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். மறக்கும் கருவி என்றால் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

7. முதல் வாரம் பார்க்க மட்டும்

ஒரு வாரம் எதையும் திருத்தாதீர்கள். காலையில் லைட் எரிவதற்கு முன் ஒரு முறை, இரவில் ஒரு முறை, எண்ணையும் வெப்பநிலையையும் நோட்டில் எழுதுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ரீஃபிராக்டோமீட்டரிலும் பாருங்கள். அதையும் 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவத்தில் சரிசெய்திருக்க வேண்டும், வெறும் நன்னீரில் பூஜ்ஜியம் பார்த்தது போதாது.

0.1, 0.2 ஆடுவது இயல்பு. கருவியின் தாளில் பிழை 2 சதவீதம் என்று போட்டிருந்தால், 35 என்பது 34.3 முதல் 35.7 வரை எதுவாகவும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணைத் துரத்திக்கொண்டு தினமும் தண்ணீரைக் கிளறுவதால் மீனுக்கும் பவளத்துக்கும்தான் கஷ்டம்.

8. எண் மாறினால் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் நடக்காது. 200 லிட்டர் தொட்டியில் உப்பு 35லிருந்து 34க்கு இறங்க, உப்புநீர் 6 லிட்டர் அளவுக்கு வெளியே போய் அந்த இடத்தில் நன்னீர் வந்திருக்க வேண்டும். நேற்று 35, இன்று 33.5 என்று காட்டினால் 8, 9 லிட்டர் நன்னீர் எங்கிருந்தாவது உள்ளே வந்திருக்க வேண்டும். டாப்-அப் கேனைப் பாருங்கள். வழக்கமான அளவுதான் குறைந்திருக்கிறது, தரையிலும் ஈரமில்லை என்றால் தண்ணீர் மாறவில்லை. புரோபில்தான் ஏதோ இருக்கிறது.

திடீரென்று இறங்கினால் பெரும்பாலும் குமிழ். சில வாரங்களில் மெல்ல மெல்ல இறங்கினால் இரண்டு வாய்ப்பு உண்டு. மின்முனையில் படிமம் கட்டியிருக்கலாம். அல்லது உண்மையாகவே உப்பு குறைந்திருக்கலாம்: ஸ்கிம்மர் கப்பில் சேர்வதும் மூடியில் பூப்பதும் உப்புநீர்தான், அந்த இடத்தை டாப்-அப் நன்னீரால் நிரப்புகிறது. ரீஃபிராக்டோமீட்டரும் குறைவாகக் காட்டினால் இரண்டாவது காரணம்.

ஏறினால் முதலில் டாப்-அப் கேன் காலியா, டாப்-அப்பை இயக்கும் மிதவை (ஃப்ளோட்) சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 100 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் ஆவியானால் 35 என்பது 36.5 ஆகிவிடும். தொட்டியைக் குளிர்விக்க ஃபேன் போடும் கோடையில் சின்னத் தொட்டிகளில் இரண்டே நாளில் இது நடக்கக்கூடும்.

எண் மாறுவது புரோபின் கோளாறாகவும் இருக்கலாம் என்பதாலேயே, மானிட்டர் எண்ணை வைத்துப் பம்பை இயக்கும் வசதி இருந்தாலும் அதை இணைக்காதீர்கள். டாப்-அப்பை நீர்மட்டம் பார்த்து ஃப்ளோட் நடத்தட்டும். மானிட்டர் அலாரம் மட்டும் அடிக்கட்டும், 33.5க்குக் கீழும் 36.5க்கு மேலும். புரோபின் சிறு கோளாறு ஒரு கேன் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டும் அதிகாரம் பெறக் கூடாது.

9. உண்மையாகவே மாறியிருந்தால் திருத்துவது

ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் மாற்ற வேண்டாம்.

உப்பு கூடியிருந்தால்: மொத்த நீர் அளவை, குறைக்க வேண்டிய எண்ணால் பெருக்கி, இப்போதைய எண்ணால் வகுங்கள். 150 லிட்டரில் 37லிருந்து 35க்கு என்றால், 150 பெருக்கல் 2 வகுத்தல் 37, ஏறக்குறைய 8 லிட்டர். அவ்வளவு உப்புநீரை எடுத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், நாளைக்கு 4 லிட்டராக இரண்டு நாளில். மட்டம் குறைந்திருந்ததுதான் காரணம் என்றால் எதையும் எடுக்க வேண்டாம், பழைய மட்டத்துக்கு மெதுவாக நிரப்பினால் போதும். மொத்த நீரைக் கணக்கிடும்போது கல், மணல் அடைக்கும் இடத்தைக் கழித்து, சம்ப் நீரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்பு குறைந்திருந்தால்: ஆவியாகும் இடத்தை நன்னீருக்குப் பதில் 35 பிபிடி உப்புநீரால் சில நாள் நிரப்புங்கள். தானாகவே ஏறும். உப்புத் தூளை நேரடியாகத் தொட்டியில் கொட்டக் கூடாது. கரையாத துகள் விழுந்த இடத்தில் பவளம் வெந்துபோகும்.

திருத்தியபின் ஒரு மணி நேரமாவது கழித்துப் படியுங்கள்.

10. உப்பு கலப்பதும் கடல்நீர் கொண்டுவருவதும்

மரைன் சால்ட் மிக்ஸ் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை வேண்டியிருக்கும், பாக்கெட்டில் உள்ளதே சரியான அளவு. பவர்ஹெட் போட்டு ஒரு இரவு சுற்றவிட்டு, தெளிந்தபின் அளக்கவும். கலங்கலாக இருக்கும்போது வரும் எண் பயன்படாது.

தூத்துக்குடி உப்பும் கடலிலிருந்துதானே வருகிறது, அதையே கரைத்தால் என்ன என்று கேட்பார்கள். உப்பளத்தில் நடப்பது உப்பைப் பிரித்தெடுக்கும் வேலை. கால்சியத்தின் பெரும்பகுதி முன்பாத்திகளிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். கையில் வருவது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு. அதைக் கரைத்தாலும் மானிட்டர் 35 என்று அழகாகக் காட்டும். பவளம் வளராது, மீனும் நாளடைவில் நலியும். எண் சரியாக இருக்கிறதே என்று இங்கே ஏமாறக் கூடாது.

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கமிருந்து கடல்நீர் கொண்டுவந்தால் ஒவ்வொரு கேனையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரில் உப்பு குறைந்துவிடும். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் பக்கம் அந்த மாதங்களில் எடுக்கவே வேண்டாம். தண்ணீரை மட்டும் எடுத்து வாருங்கள். மன்னார் வளைகுடாவில் பவளம், கடல்குதிரை எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மேலே ஊற்றும் ஆர்ஓ தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 10க்குக் கீழ் இருந்தால் நல்லது. வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் ஆர்ஓ செய்யாத தண்ணீரைக் கலந்துவிடும் சின்ன வால்வோ, மினரல் கேட்ரிட்ஜோ இருக்கும். தொட்டிக்கு எடுக்கும் குழாயை அவற்றுக்கு முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

11. சுத்தமும் புரோப் மாற்றமும்

மாதம் ஒரு முறை புரோபை எடுத்து, பாதி வினிகர் பாதி ஆர்ஓ தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள். வெள்ளைப் படிமமும் ஊதாப் பாசியும் நுரைத்துக் கழன்றுவிடும். கிராஃபைட் முனையை மென்மையான டூத்பிரஷால் தேய்க்கலாம். கறுப்பாக, பஞ்சுபோல் பூச்சு உள்ள பிளாட்டினம் முனையைத் தேய்த்தால் பூச்சு போய்விடும், ஊறவைத்து அலசுவதோடு நிறுத்துங்கள். பிறகு ஆர்ஓ தண்ணீரில் நன்றாக அலசி, 53 திரவத்தில் வைத்துப் பாருங்கள். அரை மில்லிசீமன்ஸுக்குள் இருந்தால் கேலிப்ரேஷனைத் தொட வேண்டாம்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது கேலிப்ரேட் செய்யாதீர்கள். நான்கு நாள் முன்பே முடித்து, எண் நிலைத்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புரோபைக் கழற்றி வைப்பதானால் அலசி உலர்த்தி வைக்கலாம். பிஹெச் புரோப்போல ஈரமாக வைக்கத் தேவையில்லை.

சுத்தம் செய்து, புதுப் பாக்கெட்டில் கேலிப்ரேட் செய்த பிறகும் ஒரு வாரத்துக்குள் 1 மில்லிசீமன்ஸ் விலகினால், முதலில் இணைப்பில் உப்பு இருக்கிறதா, வெப்பநிலை சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து மறுபடியும் விலகினால் புரோபை மாற்றுங்கள். பல மாடல்களில் புரோப் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு மானிட்டரையும் வாங்க வேண்டியதில்லை.